கலேவெல அலுமாரியின் சாவி

என் மனைவி றிப்காவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று நான் கேலி செய்வதுண்டு. ஒன்று எங்கள் மகள் மர்வா, மற்றது கலேவெல நெல் ஆலையில் இருக்கும் சர்வர். இரண்டில் எதற்கு என்ன ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

மாத்தளையில் எங்கள் வீட்டு மேசையிலிருந்தே அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். பெட்டி ஒன்றுதான், அதற்குள் லினக்ஸில் மூன்று மெஷின்களை ஓட்டுகிறாள். ஒன்று நெல் நிறுத்து ரசீது அடிக்க, ஒன்று கணக்குக்கு, ஒன்று கேமராவுக்கு. ஒரே வீட்டில் மூன்று குடும்பம் மாதிரி என்று எனக்கு விளக்கினாள். அதற்கேற்ற மெமரியும், தூரத்திலிருந்தே ஆன் பண்ணக்கூடிய சர்வரும் கேட்டிருந்தாள். முதலாளி மெமரியை மட்டும் கூட்டிக் கொடுத்து, மற்றதை ஆடம்பரம் என்று தள்ளிவிட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் இன்னும் கோபம்தான்.

ஒருமுறை ஆலையில் யாரோ தேநீருக்குத் தண்ணீர் சுடவைக்கும் கேத்தலைப் போடுவதற்காகச் சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அதோடு றிப்கா அதைக் கம்பிவலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ரசீது அடிக்கும் திரேசம்மா, "ஒரு சாவி இங்க இருக்கட்டுமே மிஸ்" என்று கேட்டும் கொடுக்கவில்லை. திரேசம்மா ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண், பொறுப்பானவள். இருந்தாலும் றிப்காவுக்கு மனம் வரவில்லை.

போன அறுவடையில் ஒரு பிற்பகல். கேமரா மெஷின் ஹேங் ஆகிவிட்டதால் அதை மட்டும் நிறுத்த நினைத்தாள். திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள், பார்வைக்கு ஒரே மாதிரி. ஒன்று கேமராவுடையது, மற்றது எல்லாவற்றையும் தாங்கும் சர்வருடையது. கட்டளையை மற்றதில் தட்டிவிட்டாள். மூன்று குடும்பத்தோடு வீடே அணைந்துபோனது. இங்கிருந்தபடி திரும்ப ஆன் பண்ண வழியில்லை.

"யா அல்லாஹ்" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

உடனே திரேசம்மாவின் அழைப்பு வந்தது.

"மிஸ், எல்லாம் நின்னு போச்சு. டிராக்டரெல்லாம் நெல்லோட வாசல்ல நிக்குது. ரசீது இல்லாம ஒரு மூட்டையும் உள்ள எடுக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காரு. மழை வேற இருட்டிக்கிட்டு வருது. கரண்டு கோளாறுங்களா?"

"இல்ல அக்கா. நான்தான் தப்பா ஓஃப் பண்ணிட்டேன்."

அலுமாரிச் சாவியைக் கொண்டுபோக நான் பைக்கை எடுக்க எழுந்தேன். என்னதான் பறந்தாலும் மழை முந்திவிடும் என்பது இருவருக்கும் தெரியும். நனைந்த நெல்லை யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள். ஒரு போகம் முழுக்கப் பாடுபட்டவர்களின் நெல் அது.

"பூட்ட ஒடைக்கவா மிஸ்?" திரேசம்மா தயங்கிக் கேட்டாள்.

றிப்கா, சாவி கிடந்த தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒடைங்க அக்கா. பெட்டிக்கு முன்னுக்கு ஒரு பட்டன் இருக்கு. ஒரு தரம் மட்டும் தட்டுங்க" என்றாள்.

டிராக்டர்காரர் ஒருவர் இரும்புக் கம்பியோடு வந்திருக்க வேண்டும். டங் டங் என்று போனில் கேட்டது. பிறகு சர்வரின் காற்றாடிச் சத்தம். எங்கள் திரையில் மூன்று மெஷின்களும் ஒவ்வொன்றாக எழுந்தன.

"ரசீது வருது மிஸ்" என்றாள் திரேசம்மா. மழை விட்ட பிறகு கேட்டால், கடைசி டிராக்டரில் மட்டும் மேல் மூட்டைகள் கொஞ்சம் நனைந்தனவாம். றிப்கா மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

அடுத்த வாரம் இருவரும் கலேவெலவுக்குப் போனோம். புதுப் பூட்டு வாங்கலாம் என்று கடையோரம் பைக்கை நிறுத்தினேன். அவள் பூட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கேத்தலுக்கென்று நீளமான ஒரு பிளக் வயர் வாங்கி, திரேசம்மாவின் கையில் கொடுத்தாள்.

அலுமாரி இன்றும் பூட்டில்லாமல்தான் நிற்கிறது. சாவி மட்டும் அவளுடைய கைப்பையில் கிடக்கிறது. எதைத் திறக்க என்று கேட்டால் முறைக்கிறாள்.