சோக்கை இழுத்தது யார்?

அறுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூரில் கேலாங் பக்கம் இருந்த ஒரு கிளப்பின் பந்துத் திடலில், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மிஷின் ஒன்று முரண்டு பிடித்துக்கொண்டு நின்றது. நான் அதன் பக்கத்தில் மண்டியிட்டுப் பத்தாவது தடவையாக ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். மாலை நாலரைக்கு அங்கே கால்பந்து ஆட்டம். புல் கணுக்கால் உயரம் இருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மிஷின் செகண்ட்ஹேண்ட். ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கிளப் வாங்கியது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் வைத்து அதைச் சரிபார்த்தவன் நான். முந்தின நாள் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆன இன்ஜின். மறுநாள் இப்படி மானத்தை வாங்கினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, மதியம் இன்னொரு வண்டி வருகிறது, சீக்கிரம் வந்து சேர் என்று முதலாளி வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

பக்கத்தில் காளிமுத்து அண்ணன் நின்றார். பதினோரு வருடமாக அந்தத் திடலில் அரிவாளால் புல் வெட்டியவர். மிஷின் வருகிறது என்று தெரிந்ததும், "நானே ஓட்டுறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று மாலை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டார். அன்று ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் டிரைவர் வேலை அவருக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து லைசென்ஸ் உள்ள ஆளை எடுப்பார்கள். அப்படித்தான் கிளப்பின் கிளார்க் ராஜதுரை பேசி வைத்திருந்தார். அன்று காலை மிஷினை முதலில் ஸ்டார்ட் செய்து பார்த்ததும் அண்ணன்தான்.

ராஜதுரை யாழ்ப்பாணத்துக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"என்ன தம்பி, இன்னும் ஸ்டார்ட் வரேல்லையோ? மழை வாறதுக்குள்ள முடிக்கவேணும்."

"இதோ முடிஞ்சுது சார்" என்றேன். ஒன்றும் முடியவில்லை. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினேன். தொப்பலாக நனைந்து, பெட்ரோல் சொட்டியது. இன்ஜின் ஃப்ளட் ஆகியிருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: இன்ஜினுக்குள் காற்று குறைந்து பெட்ரோல் அதிகம் போனால் ப்ளக் நனைந்துவிடும், பொறி வராது. சோக் என்பது காற்றைக் குறைக்கிற தகடு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை இழுத்தால் போதும். பழக்கமில்லாதவர்கள் அதையே இழுத்து இழுத்து ஃப்ளட் ஆக்குவார்கள். நூற்றில் தொண்ணூறு அதுதான் காரணம். அப்படி நினைத்துத்தான் வாயை விட்டேன்.

"எத்தன தடவண்ணே சோக்க இழுத்தீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!"

"நான் ஒரு தடவதான் தம்பி இழுத்தேன். நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன் லா."

"அப்ப பெட்ரோல் தானா போயி உள்ள குதிச்சுதா? அருவா புடிச்ச கைக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கிளார்க் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"அப்ப இவருக்கு மிஷின் சரிவராது எண்டு சொல்லுறீர்?"

ப்ளக்கைத் துடைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன். அவர் விடுவிடுவென்று ஆபீஸ் பக்கம் போனார்.

ப்ளக் இல்லாமல் கயிற்றை ஏழெட்டுத் தடவை இழுத்து உள்ளே நின்ற பெட்ரோலை வெளியே தள்ளினேன். ப்ளக்கைக் காயவைத்து மாட்டி மறுபடி இழுத்தேன். இரண்டு முறை இருமிவிட்டு, கரும்புகை கக்கிவிட்டு இன்ஜின் நின்றது. ப்ளக் மறுபடி நனைந்திருந்தது. இந்தத் தடவை சோக்கை யாரும் தொடவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கை பரபரத்தது. கார்புரேட்டரையே கழற்றிவிடலாம் என்று, அதற்கு முன்னால் இருந்த, காற்றை வடிகட்டும் ஏர் கிளீனரைப் பிடுங்கினேன். ஏதோ தோன்றி, அது இல்லாமலே ஒரு தடவை இழுத்தேன். இன்ஜின் கணீரென்று பிடித்துக்கொண்டது.

கையிலிருந்த ஏர் கிளீனரைத் திருப்பிப் பார்த்தேன். காற்று போகிற சின்ன ஓட்டைகள் அத்தனையும் காய்ந்த சந்தனத்தால் அடைபட்டிருந்தன, சோக்கை இழுத்தபடியே விட்டதுபோல்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டி வெளியே போனாலும், கடைசி ஓட்டம் பார்த்த பிறகு சந்தனம், குங்குமம் வைத்துத்தான் அனுப்புவோம். அந்த மிஷினுக்கு முந்தின நாள் மாலை வைத்தவன் நான்தான். லாரி காத்திருக்கிறது என்ற அவசரத்தில், மேலே உருண்டையாகத் தெரிந்த ஏர் கிளீனர் மூடியில் கை நிறையக் குழைத்து அப்பியிருந்தேன். காலையிலிருந்து அந்தச் சந்தனம் என் மூக்குக்கு நேராகத்தான் இருந்தது.

ஸ்க்ரூட்ரைவர் நுனியால் சுரண்டினேன். அண்ணன் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாமிக்கு வச்சதுதானே தம்பி, விடுங்க" என்றார்.

பேச்சை அதோடு விட்டுவிட்டு, ஏர் கிளீனரைச் சுரண்டி முடித்து மாட்டினேன். அண்ணன் ஏறி உட்கார்ந்து வெட்டினார். வகிடு எடுத்ததுபோல் நேர்க்கோடுகள். முதல் தூறல் விழும்போது பாதிக்கு மேல் முடித்திருந்தார். தூறலிலேயே மீதியையும் முடித்தார். கிளார்க் குடையோடு வந்து, "என்ன பிழை?" என்று கேட்டார். "காத்து அடைப்பு சார், சரியாயிடுச்சு" என்றேன். யார் அடைத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. ஒர்க்‌ஷாப் பெயர் கெடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் சர்வீஸுக்கு வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன்.

சர்வீஸ் நாளன்று போனதும் நேராக ஆபீஸில் நுழைந்து எல்லாவற்றையும் கொட்டினேன். ராஜதுரை பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நீர் மெக்கானிக், நீர் சொன்னதை நம்பி நான் அந்த நேரமே போன் பண்ணி வேற ஆளை எடுத்திட்டன். வந்தவனை எப்பிடித் திருப்பி அனுப்புறது?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவன் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு முப்பது வருடம் இதே தொழிலில் இருந்தேன். எந்த இன்ஜின் நின்றாலும், அதைக் கடைசியாகத் தொட்டபோது நான் என்ன செய்தேன் என்றுதான் முதலில் யோசிப்பேன். தப்பு என்னுடையது என்றால், யார் முன்னால் கத்தினேனோ அவர்கள் கலைந்து போவதற்குள் சொல்லிவிடுவேன். இந்த இரண்டு பாடத்துக்கும் சேர்த்து விலை கொடுத்தவர் காளிமுத்து அண்ணன்.

அந்தச் சர்வீஸ் நாளன்று நான் ஆபீஸிலிருந்து வெளியே வந்தபோது, அவர் திடலின் ஓரத்தில், மிஷின் போக முடியாத கால்வாய்க் கரையில் குந்தி, அரிவாளால் புல் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. இன்ஜின் இப்ப நல்லா ஓடுது. புது ஆளுதான் காலையில சோக்க ரெண்டு மூணு தடவ இழுக்குறான். கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க."