பழைய லேப்டாப்பில் தங்கிவிட்ட படங்கள்

போன வருடம் ஆடித் தள்ளுபடி நேரம். மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிறேன். என் பழைய லேப்டாப் ஒரு படத்தைத் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கினால் அடுத்த நொடி அணைந்துவிடும். இனி இதோடு மல்லுக்கட்ட முடியாது என்று, கணவரோடு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனேன்.

எனக்கு எதிலும் சந்தேகம். கடைக்காரர் ஒரு மாடலைப் புகழ்ந்தால், அதில்தான் அவருக்குக் கமிஷன் அதிகம் என்று நினைப்பேன். பார்வைக்கு வைத்திருந்ததைத் தலையில் கட்டிவிடுவாரோ என்று, சீல் உடைக்காத பெட்டிதான் வேண்டும் என்றேன். என் டிசைன் சாப்ட்வேரை அங்கேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

“பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாங்கக்கா” என்று அவர் சிரித்தார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்தேன். “உள்ள இருக்கறத நாங்களே அழிச்சிருவோம்” என்றார். அதை மட்டும் அப்படியே நம்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மதியம், தெரியாத நம்பரிலிருந்து போன். இளைஞன் குரல்.

“அக்கா, வாடிப்பட்டியில இருந்து பேசுறேன். உங்க பழைய லேப்டாப்ப நாங்கதான் வாங்கியிருக்கோம். அதுல உங்க போட்டோ எல்லாம் இருக்கு.”

அதிலிருந்த பத்திரிகை மாதிரிகள் எல்லாவற்றின் அடியிலும் என் நம்பரை நானேதான் போட்டு வைத்திருந்தேன். “என்ன போட்டோ?” என்றேன். தயங்கினான்.

“போன்ல சொல்ற விஷயம் இல்லக்கா. நேர்ல வாங்க. கடைக்காரர்ட்ட எதுவும் சொல்லிராதீங்க.”

பழையதைக் கொடுக்கும் முன் படங்களை மாற்றி வைத்த தனி ஹார்ட் டிஸ்க்கை அவசரமாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். ஒரு போல்டர் மட்டும் இல்லை. என் மகள் பிறந்த நேரத்தில் எடுத்த படங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தது, குழந்தைக்குப் பால் கொடுத்தது, துணி சரியாக இல்லாதது என்று எல்லாமே அதில்தான் இருந்தன.

“காசு பறிக்கிற கூட்டந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம்” என்றார் கணவர். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் அங்கேயும் அந்தப் படங்களைப் பார்ப்பார்களே என்றேன். அவரே அந்த நம்பருக்குப் பேசி, மறுநாள் வருவதாகச் சொன்னார்.

மறுநாள் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினோம். வாடிப்பட்டியில் இறங்கியதும் போனில் பேசிய பையன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். கல்லூரி முடித்த வயசு இருக்கும். கையில் லேப்டாப் இல்லை.

“லேப்டாப் எங்கப்பா?” என்றார் கணவர்.

“வீட்லண்ணே. வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லிருச்சு. வாங்க, பக்கந்தான்.”

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் போன், அவசர நம்பரை அழுத்தித் தயாராக வைத்திருந்தார். யார் எதிரே வந்தாலும் அந்தப் பையனுடைய கூட்டாளியாக இருக்குமோ என்று பார்த்தபடி நடந்தேன்.

ஓட்டு வீடு. உள்ளே அவன் தங்கை நின்றாள். நர்சிங் படிக்கிற பெண் என்று பிறகு தெரிந்தது. எங்களை உள்ளே விட்டதும், “அண்ணே, நீ வெளிய நில்லு” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கணவர் பாய்ந்து தாழ்ப்பாளைப் பிடித்தார். “எதுக்கும்மா கதவ மூடுற?”

அவள் மிரண்டுபோனாள். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“அந்தப் படத்த ஆம்பளைங்க யாரும் பாக்கலக்கா. அண்ணன்ட்டகூட காட்டல. கடையில திருப்பிக் குடுத்தா அங்க யாராவது எடுத்துக்குவாங்க. நானே அழிச்சிருப்பேன், பிள்ளை பிறந்த படமாச்சே, உங்ககிட்ட வேற காப்பி இருக்கோ இல்லையோ. நீங்க யாரு எவருன்னு தெரியாதா, எனக்கும் பயம். அதான் அண்ணன விட்டுப் பேசச் சொன்னேன். ஒரு அக்காவோட சொந்தப் படம்னு மட்டும் சொல்லி வச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கணவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே நின்ற பையனின் தோளில் கை வைத்தார்.

படங்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டேன். லேப்டாப்பில் இருந்ததை அவளே என் கண்ணெதிரில் முழுசாக அழித்தாள். டீ கொடுக்கும்போது கூச்சத்தோடு கேட்டாள்: “அக்கா, பேட்டரி நிக்கவே மாட்டேங்குது. ஆபீஸ்ல சும்மா இருந்த சிஸ்டம், புது பேட்டரி போட்டிருக்குன்னு கடைக்காரர் சொன்னாரே, நிசமா?”

நான் உண்மையைச் சொன்னேன். அடுத்த நாளே லேப்டாப்போடு அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் மழுப்பினார். அழிக்காமல் விட்ட படங்களைப் பற்றிக் கணவர் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பேச ஆரம்பித்ததும், புது பேட்டரி போட்டுக் கொடுத்தார்.

சந்தேகப்படுவதை நான் விட்டுவிடவில்லை. இன்றைய காலத்தில் விடவும் முடியாது. ஆனால் ஒருவர் என்னிடம் காரணம் சொல்லத் தயங்கும்போது, அந்தத் தயக்கம் என் மானத்தைக் காப்பதற்காகவும் இருக்கலாம் என்று இப்போதெல்லாம் ஒரு நிமிடம் யோசிக்கிறேன்.