கேளாமல் நீட்டிய அட்டை

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் செல்வமலரிடம் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. ஆனால் கார் ஓட்டப் பழகுபவர்களுக்குக் கொடுக்கும் லைசென்ஸ் அட்டை இருக்கிறது. யாராவது மறித்தால் காட்ட ஏதாவது வேண்டுமே! யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவள். அட்டை இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போகமாட்டாள்.

பக்கத்து வீட்டு எட்வேட் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. போராட்டம் ஒன்றில் பதாகை பிடித்துப் பேசாமல் நின்றவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. செல்வமலரின் கணவர் ஸ்ரீதரன் மயங்கி விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஓடிவந்த மனிதர் அவர். அவரைப் பிடித்தது அநியாயம் என்று சொல்ல, சனிக்கிழமைகளில் பொலிஸ் நிலைய வாசலில் கொஞ்சப் பேர் நிற்கத் தொடங்கினார்கள். செல்வமலரும் புறப்பட்டாள்.

"உமக்கென்ன விசரே? சிற்றிசன்ஷிப்புக்குப் போட்டிருக்கிறம். பேரைப் பதிஞ்சாங்களெண்டால் எல்லாம் போச்சு," என்றார் ஸ்ரீதரன்.

அவளுக்கும் பயம் இல்லாமலில்லை. பொலிஸ் பேர் கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா என்று, அங்கே வந்து நிற்கும் சட்டம் படிக்கும் பெண் பெனிற்றாவிடம் கேட்டாள்.

"சும்மா வந்து கேட்டால் பேர் சொல்லத் தேவையில்லை, அன்ரி."

அந்தச் சனிக்கிழமை வாசலில் நின்ற தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் அதைப் பெருமையாக விளக்கியவள் செல்வமலர்தான். சொன்ன வாயின் ஈரம் காயவில்லை, இளம் பொலிஸ்காரர் ஒருவர் அவளை நோக்கி வந்தார். அவர் வாய் திறக்குமுன்பே அட்டையை நீட்டிவிட்டாள்! மனுஷன் கேட்கவேயில்லை. காலை வணக்கம் சொல்ல வந்தாரோ என்னவோ. அட்டையை வாங்கிப் பார்த்தார், குறித்துக்கொண்டார், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரம் முழுவதும் கதவில் தபால் விழும்போதெல்லாம் குடியுரிமை இல்லையென்ற கடிதமோ என்று ஓடிப்போய்ப் பார்த்தாள். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷமாகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லையே!

அடுத்த சனிக்கிழமை அட்டையை மேசையில் வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டாள்.

"அட்டையை விட்டிட்டுப் போறீர்," என்றார் ஸ்ரீதரன்.

"ஓம். கையிலை இருந்தால் குடுத்துப்போடுவன்."

வாசலில் இடது கையில் ஒரு பதாகையைப் பிடித்தபடி நின்றாள். அதே பொலிஸ்காரர் வந்தார். வரிசையில் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டே அவளிடமும் கேட்டார். வலது கை தானாகப் பைக்குள் போய்த் துழாவியது. வெறும் பை.

"சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும்," என்றாள் ஆங்கிலத்தில்.

"பரவாயில்லை, செல்வமலர்," என்று சிரித்துவிட்டு அவர் அடுத்தவரிடம் நகர்ந்தார்.

வேலையிடத்தில் இத்தனை வருஷமாக ஒரு வெள்ளைக்காரருக்கும் அவளுடைய பெயர் வாயில் நுழைந்ததில்லை. இவர் பிசகில்லாமல் சொன்னார். செல்வமலரின் கண் அவருடைய குறிப்புப் புத்தகத்துக்குப் போனது; போன வாரமே அதில் ஏறிவிட்ட பெயர். ஆனாலும் பதாகையை அவள் கீழே வைக்கவில்லை.