மாடில்லாத வீட்டில் புண்ணாக்கு

குருமடத்தில் கிரேக்கம் படித்துக் கிழித்த காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போன சொல் ‘ப்ரோசிமோஸ்’. உண்ணத் தக்கது என்று பொருள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் கனி தரும் மரங்களுக்கு அந்தச் சொல் வரும். புதிய ஏற்பாட்டில் ஒரே ஓர் இடத்தில்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடர்கள் நடுவில் வந்து நின்று, உண்ணத் தக்கது ஏதாவது இங்கே உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கிறார். அவர்கள் சுட்ட மீன் கொடுக்கிறார்கள்.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ஊரே அல்லாடிய ஒரு கோடையில் விடுமுறைக்கு வந்தேன். விழுப்புரத்தில் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டில் இறங்கி நடை. அப்பாவுக்குத் திண்டிவனத்தில் கடலை எண்ணெய் மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. சாமியாராகப் போகிறவனை எல்லோரும் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. என்னை இடுப்பில் வைத்து வளர்த்த அக்காவுக்கும் அதேதான். முதலில் எனக்குத் தனியாகச் சோறு போடுவார்கள். நான் எழுந்து போன பிறகுதான் அவர்கள் சாப்பாடு. அதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இருந்ததில்லை.

வந்து பத்தாம் நாள் மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே அக்காவுக்கு அந்தச் சொல்லையும் கதையையும் விளக்கினேன். மாட்டுத்தீனியை எல்லாம் அப்படிச் சொல்ல முடியாது, மனுசன் வாயில் வைக்கிறதைத்தான் சொல்லலாம் என்றேன். அது என் சொந்தச் சரக்கு. எந்த அகராதியிலும் இல்லை. “அப்டிங்களா பிரதர்” என்று அக்கா விசிறிக்கொண்டிருந்தாள்.

வெளியே போனவன், மறந்துவிட்ட ஜெபப் புத்தகத்துக்காகத் திரும்பி வந்தேன். அடுப்பங்கரையில் அம்மாவும் அக்காவும் ஒரே சட்டியில், ஊறவைத்த மல்லாட்டைப் புண்ணாக்கை உப்புப் போட்டுப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்கள். மூலையில் இருந்த புண்ணாக்கு மூட்டையை வந்த நாளாய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாட்டுக்கு என்று நினைத்திருந்தேன். மாடு எங்கே? பத்து நாளாகக் காலிக் கொட்டகையைத் தாண்டித்தான் குளிக்கப் போனேன். எங்கள் மாட்டை எப்போதோ விற்றிருக்கிறார்கள். கிரேக்கம் படித்த முட்டாளுக்கு அது கண்ணில் படவில்லை.

அம்மா சட்டியை முந்தானையால் மூடினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கத்தினேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “ஆண்டவரு வந்ததும் வராததுமா, உங்ககிட்ட என்னா இருக்குதுன்னு கேட்டாருன்னு இப்பதான சொன்ன. நீ பத்து நாளா இங்கதான் துன்னுக்கினு இருக்கிற தம்பி. ஒரு நாளாச்சும் கேட்டியா?”

பல வருஷம் கழித்து அன்றுதான் தம்பி என்றாள். நான் குந்தி, சட்டிக்குக் கை நீட்டினேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வேணாம். மனுசன் துன்றது இல்லன்னு நீதான சொன்ன.”

விடுமுறை முடிந்து குருமடம் திரும்பினேன். பரீட்சையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். உண்ணத் தக்கது என்று எழுதி முழு மார்க் வாங்கினேன்.