சுவரோரம் ஒரு சாண்

தங்கவேலுவைக் கெட்டிக்காரர் என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயரை வாங்க அவர் ஜெயிலுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

செய்த குற்றம் அப்படியொன்றும் பெரிதல்ல. இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கம் தான் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில், அடுப்பெரிக்கக் காய்ந்த கிளை ஒன்றை வெட்டினார். நிர்வாகம் வழக்குப் போட்டது. நீதிமன்றக் கடிதமும் ஒழுங்காகத்தான் வந்தது, தோட்டத்து ஆபீசுக்கு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கு ஏது தனி விலாசம்? எந்தக் கடிதமும் ஆபீசில் இறங்கி, கிளாக்கருக்கு நினைப்பு வந்தால்தான் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு வரும். கிளாக்கருக்கு நினைப்பு வரவில்லை. வழக்குத் தவணைக்கு வராதவரைப் பிடிக்கப் பொலிஸ் மட்டும் விலாசம் கேட்காமலே காம்பரா வாசலுக்கு வந்துவிட்டது!

ஜெயிலில், இருபது பேருக்குக் கட்டிய அறையில் எழுபது பேர். பாதிப் பேர் படுத்தால் பாதிப் பேர் நிற்க வேண்டும். அதற்கு அடிதடி வேறு. தங்கவேலு பார்த்தார். பத்தடிக் காம்பராவில் எட்டுப் பேராகப் படுத்துப் பழகிய உடம்பல்லவா? படுக்கும் ஒழுங்கை அவரே போட்டுக் கொடுத்தார்: ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால், எல்லோரும் ஒருக்களித்து, "திரும்புங்கப்பா!" என்றால் வரிசை மொத்தமும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். எழுபது பேரும் படுத்துவிட்டார்கள். சிங்களக் காவலர்கள்கூட அவரை மரியாதையாக "இஞ்சினியர் மாத்தயா" என்றார்கள்.

நெடுநாள் இருப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் சுவரோரத்தை விட்டு, தனக்கு மட்டும் கதவோரம், கக்கூஸ் வாளிக்குப் பக்கத்தில் இடம் வைத்துக்கொண்டார். "நாளைக்கோ நாளன்னிக்கோ போறவனுக்கு எதுக்குச் சுவத்தோரம்?" என்பார். நாலு மாதமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மனித உரிமை அதிகாரி நிலக்ஷி வந்தாள். ஜெயிலர் பெருமையோடு இஞ்சினியரை முன்னால் நிறுத்தினார்.

"இடம் போதுமா ஐயா?"

"எங்க லயத்துலயும் இப்படித்தாங்க மிஸ். இங்க கூரை ஒழுகாதுங்க."

எழுதிக்கொண்டிருந்த நிலக்ஷியின் கை நின்றுவிட்டது. "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"வீட்டுக்குப் போகணுங்க."

"அங்கயும் இதே நெருக்கடிதானே?"

"நெருக்கடிதாங்க. ஆனா அங்க நெருக்கிக்கிட்டுப் படுக்கிறது எம் புள்ளைங்க."

பாவம், நல்ல பெண். ஒரு வாரம் ஓடியாடி, சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். "கோர்ட்டுல ஒத்துக்கிட்டாங்க ஐயா! நீங்க அந்தத் தோட்டத்து ஆள்தான்னு ஒரு பதில் வந்தாப் போதும், அன்னைக்கே விட்டுருவாங்க. கேட்டுக் கடிதமும் அனுப்பியாச்சு."

தங்கவேலு கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை பாதியில் நின்றது. "எங்கங்க மிஸ் அனுப்புனீங்க?"

"உங்க தோட்டத்து ஆபீசுக்குத்தான். பதிவுத்தபால் ஐயா, கட்டாயம் போய்ச் சேரும்."

"சேருங்க," என்றார் தங்கவேலு. "மொதக் கடுதாசியும் போய்ச் சேந்துச்சுங்க."

அன்று சாயங்காலம் இஞ்சினியர் தன் துண்டை உதறி எடுத்துக்கொண்டு கதவோரத்திலிருந்து எழுந்தார்.

"தள்ளிப் படுங்கப்பா," என்றார். "சுவத்தோரமா எனக்கும் ஒரு சாண் விடுங்க."