யாகப்பன் செய்த ஆட்டுக்குட்டி

எலிசா பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு யாகப்பனின் பின்னாலேயே போய் வந்தாள். பேச்சு மட்டும் கிடையாது. ஐப்பசி மழையில் அவர்களின் மூன்று மாதக் கைக்குழந்தை செலின் காய்ச்சலில் போன நாளிலிருந்து இப்படித்தான். யாகப்பனுக்கு அது வலித்ததா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அடக்கத்தன்று அவன் அழவில்லை. மூன்றாம் நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி மில்லுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். கல்நெஞ்சுக்காரன் என்று வில்லியனூர்ச் சொந்தமெல்லாம் பேசிக்கொண்டது. பேசட்டும், சொந்தத்துக்கு வேறென்ன வேலை!

அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எலிசாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. வசவாக இருந்தாலும் சரி.

மில்லில் அவன் தறி பழுது பார்க்கும் பிட்டர். பதினாலு வருஷ சர்வீஸ். முந்நூறு தறி ஒன்றாக ஓடும் கூடத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் காரியம் நடக்கும். அங்கே அத்தனை வருஷம் நின்றவனுக்குக் காது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். யாகப்பன் அதை வீட்டில்கூட மூச்சு விடவில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். எதிராளியின் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவான். கொஞ்சம்தான் போயிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

பாவு நூல் அறுந்தால் தறி நின்று ஒரு சின்ன பல்பு எரியும். அந்த பல்புகளுக்கும் வயர்களுக்கும் மில்லில் அவன்தான் வைத்தியன். அந்தக் கைப்பழக்கத்தில் வருஷா வருஷம் ஊர்க்கோயில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு எதையாவது செய்து கொடுப்பான். போன வருஷம் சுற்றும் நட்சத்திரம் செய்தான். "இன்னாய்யா இது, நட்சத்திரமா பம்பரமா?" என்று எலிசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

துக்க வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், குடில் வைக்க மாட்டார்கள். அதனால் கோயில் ஆட்கள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மரியாதைக்காக விட்டார்கள். அந்த மரியாதைக்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். யாரும் கேட்காமலே யாகப்பன் ஆரம்பித்துவிட்டான். நட்சத்திரத்துக்குச் சிரித்தவள் ஒரு ஆட்டுக்குட்டிக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா?

உடம்புக்கு பிஸ்கட் டப்பா. அதன்மேல் கோந்து தடவி மில்லின் கழிவுப் பஞ்சை ஒட்டினான். காலண்டர் அட்டையில் காது. கண்ணுக்கு இரண்டு டார்ச் லைட் பல்பு. வயிற்றுக்குள் பழைய ரேடியோவில் கழற்றிய ஸ்பீக்கர், நாலு டிரான்சிஸ்டர், பேட்டரி. முதுகை அமுக்கினால் கண் மாறி மாறி மின்ன வேண்டும், குட்டி கத்த வேண்டும். கண் முதல் நாளே மின்னிவிட்டது. மூக்கு கோணலாக ஒட்டிக்கொண்டதில் குட்டிக்கு எதையோ திருடித் தின்ற முகம் வந்துவிட்டது. அதை அப்படியே விட்டான்.

சத்தம்தான் படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், எலிசா பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தபோது, வாசலைப் பார்த்து உட்கார்ந்து சத்தத்துக்கான திருகைத் திருப்பினான். தவளை கத்தியது. இன்னும் திருப்பினான், மில் சங்கு ஊதியது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒன்றுமே இல்லை. வயர் விட்டுப்போயிருக்கும் என்று முதுகு ஸ்விட்சை நூலால் அமுக்கிக் கட்டிவிட்டு, வயரைப் பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தான். கண் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

எலிசா ஓடி வந்து அவன் முன்னால் நின்றாள். கையில் சோப்பு நுரை. ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டி வற்ற வைத்த பால் மறுபடி சுரந்திருந்தது.

"நிறுத்துய்யா!"

இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. அவன் அதை அவள் உதட்டில் பார்த்தான்.

"எத்த நிறுத்தறது? இது இன்னும் கத்தவே இல்லியே."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அவன் முதுகுப்பக்கம் போனாள். அவன் மறுபடி வயரைத் தட்டினான். வெகுநேரம் கழித்துத் திரும்பினால், அங்கே அவள் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

"அத்தினி வாட்டி கூப்புட்டேனே. உனுக்குக் காதே கேக்கலியா?"

யாகப்பன் தலை குனிந்தான். "கீச்சுன்னு மெல்லிசா இருந்தா கேக்காது. ரெண்டு வருஷமா."

எலிசா அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கி நான் தண்ணிக்குப் போனப்ப, பாப்பாவுக்கு முதுகக் காட்டிக்கினு இங்கதான ஒக்காந்திருந்த?"

"தூங்கறான்னு இருந்தேன். அவ அழுவவே இல்லியே எலிசா."

"தெருமொனையிலியே எனுக்குக் கேட்டுதுய்யா. கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான் பாவி என்றுதான் இரண்டு மாதமாக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழாமல், துடிக்காமல், தூக்கத்திலேயே போனாள் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு மாதமாக அவன் மில்லுக்குப் போய் வந்தான்.

"செவுடுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாயா?" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியாது. முகத்தில் இல்லை.

"எப்டி அழுதா?" என்று கேட்டான்.

"இப்டித்தான்" என்று எலிசா அவன் கையைப் பிடித்து ஆட்டுக்குட்டியின் வயிற்றில் வைத்தாள். பஞ்சுக்கு அடியில் ஸ்பீக்கர் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இவ்ளோ நேரமா?"

"நான் ஓடியாற வரிக்கும்."

யாகப்பன் கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தான்.