திலகவதி தொட்ட வரிகள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். திலகவதி கண்ணை மூடினால் எங்கள் அலுவலக மேனேஜர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார், இருப்பதிலேயே பெரிய மாலை அவருடையதாகத்தான் இருக்கும், 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று பேசவும் பேசுவார். ஆயர் ஈத்தாம் கோப்பிக் கடையில் நாலு பேர் காதுபட இதைச் சொன்னவன் நான். ஒன்றுகூடத் தப்பவில்லை. சொன்னது பலித்தால் மற்றவர்களுக்குப் பெருமை வரும். எனக்கு வந்தது குமட்டல்.

செய்தியும் அதே கடையில்தான் வந்தது. திலகாவுக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த யோகேஸ் போன் செய்தாள். "மாணிக்கம் அண்ணே, திலகா அக்கா போயிட்டாங்க. ஆஸ்பத்திரியிலதான். தூக்கத்துலயே." நான் "எந்தத் திலகா?" என்று கேட்டேன். இந்தத் தீவில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு திலகாதான். ரொட்டிக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சாவு வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேனேஜர் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரப் பெண், ஃபேக்டரியில் வேலை செய்கிறவள், பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாவம்தான். ஆனா இவங்க செஞ்ச கம்ப்யூட்டர் வேலையாலதான் நாங்க அன்னிக்கு மழையில நின்னது." மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் திலகாவின் மூத்தவர் ரஞ்சி அக்கா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை குனிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜர் காதிலும் அது விழுந்தது. விழுந்ததும் அவர் எழுந்து காற்று வாங்க வெளியே போனார். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்கு வாயில் ஊறிய எச்சிலை அந்த வீட்டில் துப்ப இடமில்லாமல் விழுங்கினேன்.

உடலை எடுத்த பிறகு ரஞ்சி அக்கா வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்தப் பிள்ளை சொன்னது மெய்தானா? திலகாவாலதானா?" என்று கேட்டார். "இல்லைக்கா" என்றேன், நடந்ததைச் சொன்னேன். "அப்ப முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தாங்க. எல்லாரும் வாசிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கு விடை கொடுத்தவன் நான். நஷ்டம் பள்ளிக்குத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அலுவலகம் லிட்டில் இந்தியாவில், குயின் தெருவில், ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஃபேக்டரி பஸ்களுக்கான மென்பொருள் அங்கேதான் செய்கிறார்கள். எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் யாரை எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று அதுதான் ஓட்டுநருக்குச் சொல்லும். எனக்கு அங்கே வேன் ஓட்டுவது, சாப்பாடு வாங்கி வருவது, பில் கட்டுவது என்று வேலை. உண்மையில் அந்த அலுவலகத்தை நடத்தியவனே நான்தான். சம்பளம் மட்டும் டிரைவர் சம்பளம்.

அந்த மென்பொருளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது வருஷமாக வந்தவன் போனவனெல்லாம் எழுதிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போயிருந்தான். ஆயிரக்கணக்கில் கோப்புகள். குறிப்புகள் பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில். ஒரு இடத்தில் யாரோ யாரையோ தமிழில் திட்டி வைத்திருந்தார்கள். ஒரே வேலைக்கு மூன்று பெயர், மூன்று வேலைக்கு ஒரே பெயர். ஊர்க் குப்பையெல்லாம் வந்து சேரும் சாக்கடை மாதிரி இருந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டையோடு இறங்கி, கறையே இல்லாமல் ஏறி வருகிற ஒரே ஆள் திலகாதான்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து உருட்டிக்கொண்டே போவார்கள். அந்த மவுஸ் சக்கரச் சத்தம் கேட்டாலே திலகாவின் மூக்கு சுருங்கும். கெட்டுப்போன பெலாச்சான் இறால் விழுது டப்பாவைத் திறந்தவர் மாதிரி ஒரு முகம். "இது கதைப் புத்தகம் இல்லம்மா. முதல் பக்கத்துல ஆரம்பிச்சா கடைசிப் பக்கத்துக்கு முன்னால ரிட்டயர் ஆயிடுவே" என்பார். யோகேஸ் கோப்புகளைத் திறந்து திறந்து வைத்துவிடுவாள். திரையின் மேல் ஓரத்தில் அவற்றின் பெயர்களெல்லாம் நசுங்கி ஒற்றை எழுத்தாக நிற்கும். "இது என்ன, ஃபிளாட்டுல துணி காயப் போட்ட மாதிரி? இதுல உன் சட்டை எது?" என்று கேட்டு, அவள் கண் முன்னாலேயே அத்தனையையும் மூடிவிடுவார். யோகேஸ் இரண்டு தடவை அழுதிருக்கிறாள். மூன்றாவது தடவை கற்றுக்கொண்டாள்.

திலகாவின் வழி வேறு. அந்த வழியை அவருக்குக் காட்டியவன் நான்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஒருநாள் வேனில் போகும்போது சொன்னேன்: "தங்கச்சி, நான் பாசாருக்கு மீன் வாங்கப் போனா காய்கறிக் கடையை எட்டியே பார்க்க மாட்டேன். நேரா மீன்காரன், அவன்கிட்ட ஒரு கேள்வி, திரும்பி வேன்." மறுநாள் பார்த்தால் அவர் கோட் எழுதும் எடிட்டரில் அதையே செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்பும் செய்துகொண்டிருந்தார் என்று யோகேஸ் சொல்வாள். அவள் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்.

கன்ட்ரோல் விசையோடு பி. ஒரு பெட்டி வரும். கோப்பின் பெயரில் நடுவிலிருந்து நாலு எழுத்து தட்டுவார், கோப்பு வந்து நிற்கும். அதில் ஒரு பெயர் புரியவில்லையென்றால் அதன் மேல் நின்று எஃப் பன்னிரண்டு. அந்தப் பெயர் எங்கே பிறந்ததோ அங்கே போய் நிற்பார். கூடவே ஷிப்டையும் அழுத்தினால் அதை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று வரிசையாக வந்துவிடும். எதையாவது தேடுவதற்கு முன்னால், வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய கோப்புகளையெல்லாம் தேடலிலிருந்து தள்ளிவைப்பார். "குப்பையைத் தள்ளிட்டுத் தேடு. குப்பையோட தேடினா குப்பைதான் கிடைக்கும்." எல்லாம் முடிந்ததும் ஆல்ட்டையும் இடது அம்புக்குறியையும் தட்டித் தட்டி, புறப்பட்ட வரிக்கே வந்துவிடுவார். மற்றவர்கள் நாலு தாவலில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் விழிப்பார்கள். "போறது எல்லாருக்கும் வரும் அண்ணே. எதுக்குப் போனோம்னு ஞாபகத்தோட திரும்பறதுதான் வேலை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். கோப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவார். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய ஆள் இதைப் பார்க்கவென்றே விமானத்தில் வந்தார். வந்தது வேறு வேலைக்காகவும் இருக்கலாம், பார்த்தது உண்மை.

இனி அந்த மழைக் கதை.

நிபோங் திபாலில், செம்பனைத் தோட்டச் சாலை பெரிய சாலையில் ஏறும் இடத்தில் ஒரு நிறுத்தம். அங்கே ஏறுகிறவர்கள் முக்கால்வாசி நம் பெண்கள். தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து லீவு எடுத்தார்கள். லீவு முடிந்து காலை ஷிப்ட்டுக்கு வந்து நின்றார்கள். நல்ல மழை. பஸ் வந்தது, நிற்கவில்லை, போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. ஓட்டுநரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய திரையில் அப்படி ஒரு நிறுத்தமே இல்லை. அந்தப் பெண்களுக்கு அன்றைய ஷிப்டும் போயிற்று, அந்த மாதத்து முழு வருகைப் படியும் போயிற்று. ஃபேக்டரி கொதித்தது. யார் செய்த வேலை, பெயர் சொல்லுங்கள் என்றது.

மேனேஜர் தாமே எடிட்டரைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பெயர் வரும். யார் வேலை என்று காட்டும். அந்த வரிக்குப் பக்கத்தில் திலகவதி என்று இருந்தது. எல்லார் முன்னாலும் வந்து, "திலகா, இது உங்க லைன். ஃபேக்டரிக்கு நாளைக்கு நான் பேர் கொடுத்தாகணும்" என்றார். திலகா தான் அதை எழுதியதாக நினைவில்லை என்றார். "பேர் இருக்கே லா" என்றார் மேனேஜர். பெயர் வெளியே போனால் வேலை போகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூடத் தன் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அத்தனை வருஷம் அவரிடம் கேட்டுக் கேட்டுப் பிழைத்தவர்கள். எல்லாருக்கும் அன்றைக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

அன்று மத்தியானம் மீட்டிங். தேநீர் கொண்டுபோன நான் கதவோரம் நின்றுவிட்டேன். என்னைப் போகச் சொல்லும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. திலகா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். எல்லாம் பெரிய திரையில் தெரிந்தது. பாதையிலிருந்து ஒரு நிறுத்தத்தை நீக்கும் இடம் எது என்று தேடிப் போனார். அதைக் கூப்பிடுகிறவர்கள் யார் என்று கேட்டார். கோட்டில் மூன்று இடங்கள் வந்தன. அவற்றில் இரண்டு, ஆளே கையால் நிறுத்தத்தை நீக்குவதற்கு. மூன்றாவது தினமும் தானாக ஓடுகிறது: தொடர்ந்து சில நாள் யாருமே ஏறாத நிறுத்தத்தைத் தேவையில்லை என்று அதுவே எடுத்துவிடும். தீபாவளி என்று ஒன்று இருப்பது அதை எழுதியவனுக்குத் தோன்றவில்லை. திலகா அந்த வரியில் போய் நின்றார். பக்கத்தில் அவர் பெயர்தான் இருந்தது. "பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"நீங்க பார்த்தது கடைசியா யார் தொட்டாங்கன்னு. யார் எழுதினாங்கன்னு இன்னும் யாரும் கேட்கலை" என்றார் திலகா.

அந்தக் கோப்பில் வரிகள் ஒன்றுக்கொன்று கோணல் மாணலாக நின்றதைச் சகிக்காமல், சில மாதங்களுக்கு முன் அவர் எல்லாவற்றையும் இழுத்து நேராக்கி வைத்திருந்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, இடைவெளியை மட்டும் சரி செய்தார். அதற்கே எடிட்டர் எல்லா வரிக்கும் அவர் பெயரைப் போட்டுவிட்டது. வீட்டைக் கூட்டியவர் தலையில் வீட்டுக் குப்பையெல்லாம். திலகா, தான் நேராக்கியதற்கு முந்தைய நிலையைக் காட்டு என்று கேட்டார். அதே வரி, கோணலாக வந்தது. பக்கத்துப் பெயர் மாறியது. மேனேஜர் ஆவதற்கு முன்னால் அவரும் அங்கே கோட் எழுதியவர்தான். அவருடைய பெயர்.

கீழே சேலைக் கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. மேனேஜர் எழுந்தார். இரண்டு கையையும் கூப்பினார். "தப்பு என்னோடது திலகா. எல்லார் முன்னாலயும் சொல்றேன், மன்னிச்சிடுங்க" என்றார். திலகா, ஆமாம் என்பதற்கு அவர் வீட்டில் சொல்கிறபடி, "ஓம்" என்று ஒரு சொல் சொன்னார். ஆளைக் கேட்காமல் எந்த நிறுத்தத்தையும் நீக்கக் கூடாது என்று அந்த இடத்தை அன்றைக்கே மாற்றி எழுதினார். அப்புறம் போய்ச் சாப்பிட்டார்.

வேலை போகவில்லை. ஆனால் நடந்தது நிபோங் திபாலுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது திலகாவின் பெயர் மட்டும். "நீங்களே போய்ச் சொல்லுங்க தங்கச்சி" என்று வேனில் நான் எத்தனையோ தடவை சொன்னேன். "பஸ் நிக்குதா?" என்பார். "நிக்குது" என்பேன். "அப்புறம் என்ன" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கோணலான ஒரு வரிக்கு அத்தனை முகம் சுளித்தவர், தனக்குச் செய்ததற்கு ஒருநாளும் சுளிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவில்லை. இன்றும் பிடிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த முகச்சுளிப்பைத்தான். தவறாக இருக்கும் ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகு அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாத அருவருப்பு. எனக்கு அது இயல்பில் கிடையாது. நான் எதையும் நாலு கலர் பூசிச் சொல்கிறவன். ஆனால் இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுக்குமுன் படித்துப் பார்த்தபோது ஒரு இடத்தில் எனக்கே மூக்கு சுருங்கியது.

ரஞ்சி அக்கா, அன்றைக்கு வேன் பக்கத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து நான் சேர்த்துச் சொன்னது அது. மேனேஜர் எழுந்திருக்கவில்லை. கையும் கூப்பவில்லை. திரையில் தன் பெயரைப் பார்த்தார், "சரி சரி, சரி பண்ணிடுங்க லா" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் ஃபேக்டரிக்குத் திலகாவின் பெயரைத்தான் கொடுத்தார். ஆளைக் கண்டித்துவிட்டோம், இனி நடக்காது என்று சொன்னார். வந்திருந்த ஃபேக்டரி ஆட்களை வேனில் திரும்பக் கொண்டுபோய் விட்டவன் நான், அவர்கள் பேசியதைக் கேட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி, யோகேஸைக் கேளுங்கள்.

அந்த மன்னிப்பை அப்படியே விட்டுவிடத்தான் முதலில் நினைத்தேன். இந்த மலரில் அவருடைய பக்கமும் இருக்கிறது, என் பக்கத்தையும் படிப்பார், 'நான் அப்படிச் சொல்லவேயில்லை' என்று மறுக்க வருவார், அப்போது நடந்ததை அவரே சொல்லியாக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பிறகுதான் தெளிந்தது. அவர் மறுக்க மாட்டார். கேட்காத மன்னிப்பையும் கேட்டதாகத் தன் பேரில் சேர்த்துக்கொண்டு, பெரிய மனிதராகத் தலையாட்டுவார். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. எடுத்துவிடுகிறேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.